கடைசி யூனிட்டுக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள்?

வாசகி கேள்வி: ஐயா, திருச்சி உறையூரில் சொந்த வீடு. நானும் கணவரும், படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், மாமியார். ஏப்ரல், மே கணக்கில் 860 யூனிட் ஓடி, 5,400 ரூபாய் கட்டினோம். மார்கழி, தை மாதங்களில்கூட 520க்குக் கீழே இறங்குவதில்லை. 2014இல் வாங்கிய ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று, 2009இல் வாங்கிய ஃபிரிட்ஜ், 25 லிட்டர் கீஸர், இன்வெர்ட்டர், போர் மோட்டார் இருக்கின்றன. கேஸ் சிலிண்டர் 28 நாளைத் தாண்டுவதில்லை. லைட்டை அணைக்கவில்லை என்று கணவர் தினமும் பிள்ளைகளைத் திட்டுகிறார், வீட்டில் அமைதியே போய்விட்டது. தெரிந்தவர் ஒருவர், 'பவர் சேவர்' பெட்டியை பிளக்கில் செருகினால் பில் 30 சதவீதம் குறையும் என்கிறார். அதை வாங்கலாமா? கேஸுக்குப் பதிலாக இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாமா? சோலார் போடலாமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: எரிசக்தித் தணிக்கையாளர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பெட்டி. வாங்காதீர்கள். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சிறிய கெப்பாசிட்டரும், வேலை செய்வதுபோல் காட்ட ஒரு பச்சை விளக்கும் இருக்கும். கெப்பாசிட்டர் பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கிற மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்கிற விகிதத்தை, சரிசெய்யும் என்பது உண்மைதான். பவர் ஃபேக்டர் குறைந்தால் தொழிற்சாலைகளுக்கு அபராதம் உண்டு, அதனால் அவர்கள் பெரிய அளவில் கெப்பாசிட்டர் வைக்கிறார்கள். வீட்டு இணைப்புக்கு அப்படி ஒரு அபராதமே கிடையாது. உங்கள் மீட்டர் எண்ணுவது நீங்கள் உண்மையில் செலவழித்த மின்சாரத்தை மட்டும். அந்த எண்ணிக்கையை இந்தப் பெட்டியால் ஒரு யூனிட்கூடக் குறைக்க முடியாது. ஏற்கெனவே யாராவது வாங்கி வீட்டில் செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். தரமில்லாத கெப்பாசிட்டர் ராப்பகலாக பிளக்கில் சூடாகிக்கொண்டிருப்பது தீ விபத்துக்கு வழி.

அடுத்து, உங்கள் வீட்டு லைட் சண்டை. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஆளில்லாத அறையில் மாலை ஐந்து மணி நேரம் எரிந்தது என்று வையுங்கள். தினமும் அப்படியே எரிந்தாலும் ஒரு யூனிட் சேர 22 நாள் ஆகும். உங்கள் பழைய ஏ.சி. அதே ஒரு யூனிட்டை ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டினால் எடுத்துவிடும். லைட்டை அணைப்பது நல்ல பழக்கம், பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் அதற்காக தினமும் மனம் கசக்கத் தேவையில்லை என்று கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டிச் சொல்லுங்கள். எங்காவது சோக் வைத்த பழைய டியூப் லைட் மிச்சமிருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். சோக்கையும் சேர்த்து அது 50 வாட்டுக்கு மேல் எடுக்கும், 20 வாட் எல்.இ.டி. டியூப் அதே வெளிச்சத்தைத் தரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 860 யூனிட்டுக்கு 5,400 என்றதும் யூனிட்டுக்கு ஆறேகால் ரூபாய் கொடுக்கிறோம் என்று மனதில் கணக்குப் போட்டிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் மிச்சம் பிடிக்க நினைக்கிறவருக்கு அந்த சராசரி உதவாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு, படிப்படியாக ஏறும் கட்டணம். 2024 ஜூலைக் கட்டணத்தைக் கால், அரை என்று முழுமைப்படுத்திச் சொல்கிறேன். முதல் 100 யூனிட் இலவசம். 400 வரை ஏறத்தாழ நாலே முக்கால் ரூபாய். 401 முதல் 500 வரை ஆறேகாலைத் தாண்டும். 501 முதல் 600 வரை எட்டரையை ஒட்டி. 601 முதல் 800 வரை ஒன்பதரை. அதற்கு மேல் பத்தரை, ஆயிரத்தைத் தாண்டினால் பதினொன்றரைக்கும் மேல்.

நீங்கள் ஒரு யூனிட்டைக் குறைக்கும்போது அது இந்த ஏணியின் உச்சிப் படியிலிருந்துதான் கழியும். உங்கள் கோடைக்கால பில்லில் முதலில் மிச்சமாகிற ஒவ்வொரு யூனிட்டும் பத்தரை ரூபாய், அதற்கடுத்து வருபவை ஒன்பதரை. அதனால்தான் ஒரு பொருளை மாற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது, என் கடைசி யூனிட் எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு லாபமாக இருப்பது உங்களுக்கு நஷ்டமாகலாம், உங்களுக்கு லாபமானது அவருக்கு வீண் செலவாகலாம்.

இந்த ஏணியில் 500க்கும் 501க்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 500 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 வரையிலான நூறு யூனிட் பாதி விலையில் கிடைக்கிறது. 500ஐத் தாண்டிய நிமிடமே அந்தச் சலுகை போய்விடும், கிட்டத்தட்ட 235 ரூபாய் ஒரேயடியாக ஏறும். உங்கள் குளிர்கால 520 யூனிட்டை வைத்துப் போட்டுப் பாருங்கள். 520க்கு 2,200 ரூபாயைத் தாண்டிக் கட்டுகிறீர்கள். அதே 480 யூனிட்டில் நின்றால் 1,700தான் வரும். நாற்பதே யூனிட்டில் 500 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். வேறெங்கே நீங்கள் ஒரு யூனிட்டைக் குறைத்தாலும் இத்தனை பணம் திரும்பி வராது. ஆகையால் குளிர் மாதங்களில் உங்கள் இலக்கு 500க்குக் கீழே போவது. கோடையில் 600ஐ நெருங்குவது. இரண்டும் உங்கள் வீட்டில் முடிகிற காரியம்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் மீட்டரைக் கவனியுங்கள். புது மீட்டர்களில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டுத் துடிக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று, 3200 அல்லது 1600 போல ஓர் எண், எழுதியிருக்கும். 3200 என்றால் நிமிடத்துக்கு ஒரு துடிப்பு ஏறத்தாழ 19 வாட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, அந்த விளக்கைப் பாருங்கள். அப்போதும் அது சட்டுச் சட்டென்று துடித்தால் எங்கோ மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் இன்வெர்ட்டராக இருக்கும். பேட்டரி வயதானால் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது, ராப்பகலாக இழுத்துக்கொண்டே இருக்கும், தண்ணீரும் சீக்கிரம் வற்றும். இன்வெர்ட்டரையும் நிறுத்திய பிறகும் துடிப்பு நிற்கவில்லையென்றால் தாமதிக்காமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வயரிங்கில் கசிவு இருக்கலாம். அது பில் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. மின்கசிவு வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருக்கிறதா என்றும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

ஃபிரிட்ஜின் செலவைத் தனியாகப் பிடிக்க எளிய வழி உண்டு. குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு, மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி, மீட்டரைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் இன்னொரு படம். வித்தியாசத்தை நாள் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஏ.சி.க்கும் இதே போல இரவு படுக்கும்போது ஒன்று, காலையில் எழுந்ததும் ஒன்று.

நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்து நான் போட்ட கணக்கில், கோடையின் 860இல் ஏ.சி. 370 யூனிட்டை ஒட்டி எடுக்கிறது. ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து 200. ஃபிரிட்ஜ் நூற்றுக்குக் கொஞ்சம் மேல். மோட்டார், டிவி, லைட், இன்வெர்ட்டர், இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர் எல்லாம் பாக்கியில் அடங்கிவிடும். குளிர்காலத்தில் ஏ.சி.யின் இடத்தில் கீஸர் வந்து உட்காருகிறது. உங்கள் மீட்டர் கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கலாம், வரிசை மாறாது.

ஏ.சி.யிலிருந்து ஆரம்பிப்போம். உங்களுடையது 2014ஆம் ஆண்டு வாங்கியது என்பதால் பெரும்பாலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகையாக இருக்காது. பழைய வகையில் கம்ப்ரஸர் ஒன்று முழு வேகத்தில் ஓடும், இல்லையென்றால் நிற்கும். நடுவே வேறு வேகம் கிடையாது. அறை சீக்கிரம் குளிரட்டும் என்று 18இல் வைப்பார்கள். 18இல் வைத்தாலும் 26இல் வைத்தாலும் அது குளிர்விக்கும் வேகம் ஒன்றுதான். 18இல் வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவே. ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீத அளவுக்கு மிச்சமாகும் என்பது பி.இ.இ. என்கிற மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 2020 முதல் விற்பனைக்கு வரும் ஏ.சி.கள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்துவிட்டது. நீங்கள் 26இல் வைத்து, ஃபேனை இரண்டாம் எண்ணில் ஓட விடுங்கள். காற்று உடம்பில் படும்போது 26 டிகிரி 24 போலத்தான் தெரியும். முதல் இரண்டு மூன்று நாள் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும். விடியற்காலை நாலரைக்கு அணையும்படி டைமர் வையுங்கள், எழும் வரை குளிர் தங்கும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாயடியில் கழுவிப் போடுவதற்கு மெக்கானிக் தேவையில்லை.

வெளியே இருக்கும் யூனிட்டைப் போய்ப் பாருங்கள். மொட்டை மாடியில் வெயிலில் நிற்கிறதா? மேலே ஒரு தகரமோ கீற்றோ நிழல் கொடுக்கலாம். ஆனால் முன்னாலும் பக்கவாட்டிலும் அடைக்கக் கூடாது. திருட்டுக்குப் பயந்து பெட்டி மாதிரி கூண்டு கட்டி, அதற்குமேல் சாக்கையும் போர்த்தி வைத்த வீடுகளைத் தணிக்கையில் நிறையப் பார்க்கிறேன். அறையிலிருந்து வெளியேற்றிய சூட்டையே அந்த யூனிட் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் ஏ.சி.க்கு உண்மையில் வேலை வைப்பது உங்கள் தலைக்கு மேலே இருக்கிற தளம். திருச்சி வெயிலில் பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் இரவு ஒன்பது மணிக்கும் தன் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். நீங்கள் படுக்கப் போகிற நேரமும் அதுவே. அந்த அறை மேல்மாடியிலோ, மேலே வேறு தளமில்லாத இடத்திலோ இருந்தால் பங்குனி பிறந்ததும் மாடியைக் கழுவி வெள்ளையடித்துவிடுங்கள். சுண்ணாம்பும் வெள்ளை சிமெண்டும் பசை கலந்து இரண்டு கோட் அடித்தால் ஒரு கோடைக்குத் தாங்கும். கடையில் விற்கும் வெப்பம் தடுக்கும் பெயிண்ட் விலை கூட, சில வருடங்கள் நிற்கும். வெள்ளைத் தளத்தின் மேற்பரப்பு கறுத்த தளத்தைவிட நடுப்பகலில் பத்து டிகிரிக்கும் அதிகமாகக் குறைந்திருக்கும், வெறுங்காலில் நடந்தாலே தெரியும். நம் முன்னோர் செங்கலும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கிக் கான்கிரீட் போட்டு அதன்மேல் தட்டோடு பதித்ததும் இந்தச் சூட்டை உள்ளே விடாமல் இருக்கத்தான். உங்கள் மாடியில் தட்டோடு பெயர்ந்திருந்தால் அதைச் சரிசெய்வதும் ஏ.சி. செலவைக் குறைக்கிற வேலைதான். சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. சூடு தணியும். ஆனால் அந்தத் தண்ணீரை மோட்டார் போட்டுத்தான் ஏற்றுகிறீர்கள், கோடையில் போரில் தண்ணீரும் கீழே போயிருக்கும். வெள்ளையடிப்பது அதைவிட மேல்.

ஏ.சி. போடுவதற்கு அரை மணி நேரம் முன் ஜன்னலையெல்லாம் திறந்து ஃபேனை முழு வேகத்தில் விட்டு, அடைபட்ட சூட்டை வெளியே தள்ளுங்கள். மேற்குச் சுவர் ஜன்னலுக்கு உள்ளே திரைச்சீலை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டுவது பலன் தரும். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அப்புறம் திரை என்ன செய்யும்?

ஏ.சி.யை மாற்றலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைக்காரர் கேட்பார். அவசரம் வேண்டாம். வருடத்தில் மூன்று மாதம் மட்டும் இரவில் ஓடுகிற ஏ.சி.யை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் போட்ட பணம் திரும்ப வெகுகாலமாகும். கம்ப்ரஸர் போய், பழுதுபார்க்கப் பெரிய தொகை கேட்கிற நாளில் மாற்றுங்கள். அன்று நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். சில வருடத்துக்கு ஒரு முறை அளவுகோலைக் கடினமாக்குகிறார்கள், அன்றைய ஐந்து நட்சத்திரம் இன்றைக்கு ஐந்தாக இராது. லேபிளில் 1,600 மணி நேரத்துக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். இரண்டு மாடல்களை ஒப்பிட அந்த எண் போதும்.

ஃபேன் விஷயத்தில் நான் தயக்கமில்லாமல் செலவு செய்யச் சொல்வேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட்டை ஒட்டி எடுக்கும். பி.எல்.டி.சி. என்கிற புதுவகை மோட்டார் வைத்த ஃபேன் அதே காற்றுக்கு 30 வாட். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். அதிக நேரம் ஓடும் ஃபேன் எது? உங்கள் மாமியார் அறையில் இருப்பதாகத்தான் இருக்கும். ஏ.சி. இல்லாமல் பகலும் இரவும் அந்த ஃபேனை நம்பி இருப்பவர் அவர். நாளைக்கு 18 மணி நேரம் ஓடுகிறது என்றால் இரண்டு மாதத்தில் 49 யூனிட் குறையும். கோடை பில்லில் அது 450 ரூபாய்க்கு மேல். ஃபேன் விலை 3,000 என்று வைத்தாலும் ஒன்றரை வருடத்துக்குள் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். குளிர் மாதத்தில் 500 என்ற அந்தப் பள்ளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வரவும் இந்த ஒரு ஃபேன் பாதி வேலையைச் செய்துவிடும். அடுத்தது ஹால், அதற்கடுத்தது படுக்கையறை. அடுப்படியிலும் பூஜை அறையிலும் எப்போதாவது சுற்றுகிறதை அப்படியே விடுங்கள். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் வாட் எவ்வளவு என்று படியுங்கள், 35க்கு மேல் வேண்டாம். சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிட்டுத்தான் மாட்டச் சொல்ல வேண்டும். பெரியவருக்கு ரிமோட் பழகும் வரை கொஞ்சம் சிரமம். சுவர் சுவிட்சிலும் வேகத்தை மாற்ற முடிகிற மாடல்கள் இருக்கின்றன, அவருக்காக அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபிரிட்ஜ் 2009 என்கிறீர்கள். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் குளிர் கசிகிறது. ரப்பரை மட்டும் மாற்றலாம், செலவு குறைவு. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். நான் சொன்ன ஊருக்குப் போகும் சோதனையில் நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் காட்டினால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். இன்றைக்கு வருகிற 250 லிட்டர் ஃபிரிட்ஜ் வருடம் முழுவதற்கும் 200 முதல் 250 யூனிட்தான் எடுக்கும்.

கீஸருக்கு வருகிறேன். 27 டிகிரித் தண்ணீரை உடம்புக்கு இதமான சூட்டில் ஒரு வாளி, அதாவது 15 லிட்டர், ஆக்குவதற்குக் கால் யூனிட் போதும். ஷவரில் பத்து நிமிடம் நின்றால் ஒரு யூனிட்டுக்கு மேல் போகும். வித்தியாசம் அங்கே இருக்கிறது. 25 லிட்டர் கீஸர் 2 கிலோவாட் என்றால் 25 நிமிடத்தில் தண்ணீர் தயார். காலையில் போட்ட சுவிட்சை எல்லோரும் குளித்து முடிக்கும் வரை விடாமல், அடுத்தடுத்து குளித்து உடனே அணைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் 50இல் இருக்கட்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை உள்ளே படிந்த உப்பை எடுக்கச் சொல்லுங்கள். கேஸில் வெந்நீர் வைத்தால் மலிவோ என்று கேட்டால், வாளிக்கு ஐம்பது காசு வித்தியாசம் வரலாம். அதற்காகக் கொதிக்கும் பாத்திரத்தைப் பிள்ளைகள் நடமாடும் வீட்டில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம்.

மோட்டாருக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். தொட்டி நிரம்ப முன்பு ஆன நேரத்தைவிட இப்போது அதிகமாகிறதா என்று பாருங்கள். ஆகிறதென்றால் வால்வோ, நீர்மட்டமோ, எங்காவது கழிவறைத் தொட்டியின் கசிவோ காரணம்.

இண்டக்‌ஷன் கேள்வியில்தான் அந்தக் கடைசி யூனிட் கணக்கு முழுதாக உதவும். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிப் பாத்திரத்துக்குள் போவது 120. இண்டக்‌ஷனில் வீணாவது குறைவு, அதே சமையலுக்கு 140 யூனிட் மின்சாரம் வேண்டியிருக்கும். யூனிட் நாலே முக்கால் ரூபாயில் கிடைப்பவருக்கு அது 665 ரூபாய், சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் அதைவிட லாபம். ஒன்பதரை ரூபாய்ப் படியில் நிற்கிற உங்களுக்கோ 1,330 ரூபாய். அது மட்டும் இல்லை, மாதம் 140 என்றால் பில்லுக்கு 280 யூனிட் கூடும். கஷ்டப்பட்டு 500க்குக் கீழே இறங்கிய குளிர்கால பில்லும் மறுபடி மேலே போய்விடும். இப்போதைக்கு வேண்டாம். சிலிண்டர் தீர்ந்த அன்று கை கொடுக்க ஒரு அடுப்பு இருக்கலாம், அவ்வளவுதான்.

கேஸ் 28 நாள் என்பதை 33, 34 நாளாக்க அடுப்படியிலேயே வழி இருக்கிறது. துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்தால் விசில் குறையும். கொண்டைக்கடலையை இரவே ஊறப்போடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். அரிசியும் பருப்பும் அடுக்குப் பாத்திரத்தில் ஒரே குக்கரில் வேகட்டும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வையுங்கள். பெரிய தீயில் விசில் அடித்து வெளியேறும் ஆவி அத்தனையும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கேஸ். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி வெளியே நாக்கை நீட்டக் கூடாது. நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள், ஒருமுறை சர்வீஸும் பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலையும் குழம்பையும் நேராக அடுப்பில் ஏற்றாமல் கொஞ்ச நேரம் வெளியே வைத்திருந்து சுடவையுங்கள். கேஸ் டியூபில் அச்சடித்திருக்கும் தேதியையும் பாருங்கள், ஐந்து வருடமாகியிருந்தால் ஏஜென்சியிலேயே புது டியூப் வாங்கி மாட்டுங்கள்.

சோலார் உங்கள் வீட்டுக்கு ஏற்றது, மாடியில் நிழல் விழாவிட்டால். நம் ஊரில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். பகலில் நீங்கள் எடுக்காதது இ.பி. கம்பிக்குப் போகும், இரவில் நீங்கள் எடுப்பதோடு கழித்துக் கணக்கிடுவார்கள். அந்தக் கழிவும் உச்சிப் படியிலிருந்துதான் நடக்கும். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 2024 பிப்ரவரியிலிருந்து, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதம் 2 கிலோவாட்டுக்கு 60,000, அதிகபட்சம் 78,000 வரை மானியம். மின்தடையின்போது இந்த சோலார் வேலை செய்யாது என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். கம்பியில் வேலை செய்யும் ஊழியர் உயிருக்காக அது தானாக நின்றுவிடும், அந்த நேரத்துக்கு உங்கள் இன்வெர்ட்டர்தான். தண்ணீர்த் தொட்டியின் நிழலோ பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலோ ஒரு பேனல் மேல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க உற்பத்தி குறையும். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை மாடியில் நிழல் எங்கே போகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்.

ஆனால் இதை இந்த வருடமே போட வேண்டாம் என்பேன். மேலே சொன்னவற்றை முதலில் செய்தால் கோடை 610, 620இலும், குளிர்காலம் 400, 430இலும் நிற்கும். 5,400 கட்டிய இடத்தில் 3,000 சொச்சம் கட்டுவீர்கள். அந்த நிலையில் சோலார் போட்ட பணம் திரும்ப இன்னும் சில ஆண்டு கூடுதலாகும், அது உண்மை. ஆனால் 3 கிலோவாட் கேட்கிற வீட்டுக்கு 2 கிலோவாட்டே போதும் என்று ஆகிவிடும், அந்த ஒரு கிலோவாட்டின் விலை உங்கள் கையிலேயே இருக்கும். ஒரு வருட பில் ஆறையும் வைத்துக்கொண்டு, மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி முடிவெடுங்கள். சோலார் வந்தபின் இண்டக்‌ஷனைப் பற்றி மறுபடி யோசிக்கலாம். அப்போது உங்கள் கடைசி யூனிட் மலிவான படியில் இருக்கும்.

ஆக, இந்த மாதம் காசில்லாமல் செய்வது மீட்டர் சோதனை, ஏ.சி. 26, கீஸர் பழக்கம், சமையலில் சிம். அடுத்து மாமியார் அறை ஃபேனும், பங்குனியில் மாடிக்கு வெள்ளையும். தீபாவளி போனஸ் வந்தால் மற்ற இரண்டு ஃபேன். ஃபிரிட்ஜை சோதனை முடிவைப் பார்த்து. புது ஃபிரிட்ஜ் வந்ததும் பழையதை, தண்ணீர் பாட்டில் வைக்க ஆகும் என்று மாடிப்படிக்குக் கீழே ஓட விட்டுவிடாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.